தொட்டிக்கு ஒரு கம்பளிக் கோட்டு

முப்பத்தாறு வருடம் ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சூடு வழங்கிய மனிதரை, சூடு வானத்திலிருந்து சும்மா கொட்டும் ஊரில் கொண்டுவந்து குடிவைத்தால் அவருக்குச் சந்தோஷமா வரும்? கோபம்தான் வரும். ரயிலை விட்டு இறங்கியதும் அவர் சூரியனை நிமிர்ந்து பார்த்தார். அனுமதி வாங்காமல் கடை போட்டவனை அதிகாரி பார்ப்பாரே, அந்தப் பார்வை.

மருத்துவமனையில் அவர் கொதிகலன் கண்காணிப்பாளர். கீழே வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் பாய்லர். குட்டையாக, உருண்டையாக, வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவ்வப்போது ஆவி விட்டுக்கொண்டிருந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. “ஆயிரத்து இருநூறு பேரோட உடம்புச் சூடு என் கையில இருந்துச்சு” என்பார், அறிமுகமான மூன்றாவது நிமிடத்தில். போர்வைக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்திருந்த மூன்றாவது வார்டு நோயாளிகளை இதுபற்றி யாரும் கேட்டதில்லை.

பிரிவு உபசாரக் கூட்டத்தில் மேலதிகாரி, “நீங்க இல்லாம இந்தக் கட்டடமே குளிர்ந்து போயிடும் சார்” என்று சொல்லிவிட்டார். அந்த மாதிரிக் கூட்டங்களில் பேசுவதையெல்லாம் நம்பினால் உலகத்தில் ஒருவரும் ஓய்வு பெறவே முடியாது. பாய்லர் நம்பினார். கூப்பிடுவார்கள் என்று கைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். குளிக்கும்போது சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவர் மனைவி பேருந்து நிலைய விசாரணை ஜன்னலில் முப்பது வருடம் உட்கார்ந்தவள். எந்தக் கேள்விக்கும் ஒரே வரியில் பதில். கேட்பவன் பொய் சொல்கிறானா என்பதையும் அந்த ஒரு வரிக்குள்ளேயே கண்டுபிடித்துவிடுவாள். அந்த ஜன்னல் வழியாக முப்பது வருடம் உள்ளே வந்த குளிர்காற்று இப்போது அவளுடைய இரண்டு முழங்கால்களிலும் குடியிருந்தது. பழைய வீட்டு வாசலுக்கு இருபத்திரண்டு படி. குளிர்காலத்தில் படியெல்லாம் பனிக்கட்டி. போன குளிர்காலம் முழுக்க அவள் வெளியே போனது இரண்டே தடவை. இரண்டும் எலும்பு டாக்டரிடம்.

அதனால்தான் ஒற்றைக்காலில் நின்று (வலிக்காத கால் அது) இந்த இரண்டாவது வீட்டை வாங்க வைத்தாள். நான்கு வீடுகள் கொண்ட கட்டடம், முதல் மாடி, இரண்டு அறை, ஒரு பால்கனி. பாய்லர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

“ரெண்டு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன். குளிர் ஆரம்பிச்சா அங்க என்னைத் தேடுவாங்க.”

“தேடினா போன் பண்ணுவாங்கல்ல?”

“போன்ல பாய்லரைத் தட்டிப் பார்க்க முடியுமா?”

திரும்பிப்போகும் ரயில் டிக்கெட்டுகளை அவரே சமையலறைக் காலண்டரில் குண்டூசியால் குத்தி வைத்தார். அவள் தினமும் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே பால் காய்ச்சினாள்.

மூன்றாவது வாரத்தில் அவள் சுவரைப் பிடிக்காமல் படி இறங்கினாள். நான்காவது வாரத்தில் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தாள். அந்தச் செய்தியை மகனுக்கு மட்டும் போனில் கிசுகிசுத்தாள்.

“டேய், இன்னைக்கு மொட்டை மாடி வரைக்கும் ஏறிட்டேன்டா.”

“அப்பாகிட்ட சொன்னீங்களாம்மா?”

“சொன்னா, ‘நான்தான் கூட்டிட்டு வந்தேன்’னு ஆரம்பிச்சிடுவாரு. டிக்கெட் மட்டும் அப்படியேதான் தொங்கும்.”

இந்த ஊரில் ஒரே ஒரு தொந்தரவு, தண்ணீர். மொட்டை மாடியில் வீட்டுக்கு ஒன்றாக நான்கு கறுப்புத் தொட்டிகள். பகல் பன்னிரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் நேராக டீத்தூளைப் போட்டுவிடலாம். கட்டடத்தில் எல்லோரும் விடியற்காலையிலேயே வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, மத்தியானம் அதில்தான் கை கழுவினார்கள். மூன்றாவது வார்டுக்கு வெந்நீர் அனுப்பப் பதினோரு வருடம் போராடித் தோற்றவர் பாய்லர். இங்கே யாரும் கேட்காமலே குழாயில் வெந்நீர் வந்தது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அடுத்த மாதம் முதல் தேதி காலையில் அவர் பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய வீட்டில் வருடா வருடம் இதே தேதியில் இருவருமாகச் சேர்ந்து குழாய்களுக்கும் தொட்டிக்கும் கம்பளி சுற்றுவார்கள். தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். அவர் சுற்றுவார், அவள் சணல் கயிற்றைப் பிடிப்பாள். கல்யாணமான முதல் வருடத்திலிருந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மற்ற சாமான்களோடு அந்த மூட்டையும் ரயிலேறி வந்திருந்தது.

“என்னங்க, இங்கயுமா?”

“எந்த ஊரா இருந்தா என்ன, குழாய் குழாய்தான். ஒரே ஒரு ராத்திரி உறைஞ்சா போதும், டமார்.”

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஊரில் தேங்காயெண்ணெய்கூட உறையாது என்று சொல்ல வாயெடுத்தவள், மனிதர் காலையிலிருந்து ஒரு தடவைகூடக் கைபேசியை எடுத்துப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்து, வாயை மூடிக்கொண்டு கயிற்றை எடுத்தாள்.

மண்டை பிளக்கும் வெயிலில் இருவரும் மொட்டை மாடியில் வேலை பார்த்தார்கள். கம்பளிப் பட்டைகள் குழாய்க்கு. கிழிந்த பஞ்சு ரஜாய் தொட்டியின் வயிற்றுக்கு. அதற்கு மேல் வெள்ளிநிறத் தாள். கடைசியாக, மருத்துவமனை அவருக்குக் கொடுத்திருந்த பழைய கம்பளிக் கோட்டு. பொத்தான்கள் எட்டவில்லை. கடைசி மூன்று வருடம் அவருக்கும் அதே பிரச்சினைதான் இருந்தது. கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள்.

துணி உலர்த்த மேலே வந்தார் கீழ்வீட்டுத் தையல்காரர். வாசல் அறையிலேயே மெஷின் போட்டிருப்பவர். வாயும் மெஷின் வேகத்தில்தான் ஓடும்.

“என்ன சார், தொட்டிக்கு ஜுரமா?”

“முன்னெச்சரிக்கை” என்றார் பாய்லர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தமக்குக் கீழே உள்ளவர்களுக்குக் காரணம் சொல்வது அவர் உத்தியோக காலத்திலேயே கிடையாது. அந்தக் கெட்ட பழக்கம்தான் பின்னால் அவர் மானத்தைக் காப்பாற்றியது.

ஒரு வாரம் கட்டடமே சிரித்தது. மூன்று தொட்டிகள் வெறும் உடம்போடு நிற்க, நாலாவது மட்டும் கோட்டு போட்டு ஆபீஸுக்குக் கிளம்பியது போல நின்றது. “கோட்டுக்காரர் இன்னைக்கு லீவா அக்கா?” என்று தையல்காரர் அவளிடம் தினமும் கேட்டார். “டை வாங்கப் போயிருக்கார்” என்றாள் அவள்.

எட்டாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, இரண்டாம் மாடியில் இருந்த டீச்சர் கறிவேப்பிலை கேட்டு வந்தார். பிள்ளைகளை அதட்டி அதட்டிக் கட்டைக் குரலாகிப்போன அம்மாள். கை கழுவச் சமையலறைக் குழாய்ப் பக்கம் போனவர், வழக்கம்போல ஒரு விரலை மட்டும் பயந்துகொண்டே குழாய்க்கடியில் நீட்டினார். அப்புறம் இரண்டு கையையும் நீட்டினார். அப்புறம் கத்தினார்.

“ஐயோ, ஜில்லுனு வருதே!”

விடியற்காலையில் நிரம்பிய தண்ணீர் கம்பளிக்குள் அப்படியே குளிர்ச்சியாக இருந்திருக்கிறது. சூடு வெளியே போகாமல் தடுப்பது, சூடு உள்ளே வராமலும் தடுக்கும். முப்பத்தாறு வருடச் சூட்டு நிபுணருக்கு இது தோன்றவே இல்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவளுக்கும் அந்த நிமிடம்தான் உறைத்தது. இத்தனை நாளும் இருவரும் வாளித் தண்ணீரிலேயே காலம் தள்ளியிருந்தார்கள். மத்தியானத்தில் அந்தக் குழாயைத் திறந்தே பார்க்கவில்லை.

பத்து நிமிடத்தில் தையல்காரர், அவர் மனைவி, டீச்சர் எல்லோரும் சமையலறையில் கூடி, முறை வைத்துக் கை கழுவினார்கள். தையல்காரர் முகமே கழுவிவிட்டார்.

“சார்! எதுக்குன்னு நாங்க கேட்டப்போ வாயே திறக்கலையே! இதுக்குத்தானா?”

பாய்லரின் மீசை அரை நிமிடம் அப்படியே நின்றது. அவள் அந்த மீசையைப் பார்த்தாள். முப்பது வருடம் விசாரணை ஜன்னலில் பார்த்த எத்தனையோ மீசைகள் நினைவுக்கு வந்தன: பஸ் போய்விட்டது என்று தெரிந்தும், அதில் ஏறத்தான் தாம் வரவில்லை என்பது போல நிற்கும் மீசைகள்.

“பின்னே?” என்றார் பாய்லர். “வந்த அன்னைக்கே சூரியனை ஒரு பார்வை பார்த்தேன். அப்பவே கணக்கு போட்டுட்டேன்.”

அவள் கத்தரிக்காயைக் கொஞ்சம் பலமாக வெட்டினாள்.

அடுத்த இரண்டு வாரம் பாய்லரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மற்ற மூன்று தொட்டிகளுக்கும் உடை தைக்கத் தையல்காரருக்கு அளவு கொடுத்தார். காலர் வேண்டாம் என்று தையல்காரர் கெஞ்சியும் கேட்கவில்லை. தண்ணீர் ஏற்றும் நேரத்தை அட்டையில் எழுதி மாடிப்படியில் தொங்கவிட்டார். மாலை ஐந்து மணிக்கு எல்லாத் தொட்டிகளையும் தட்டிப் பார்த்தார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து இருவர் ஆலோசனை கேட்டு வந்தபோது அவரைப் பார்த்திருக்க வேண்டும், உச்சி குளிர்ந்து, வாயெல்லாம் பல்லாகி, “ஆயிரத்து இருநூறு பேரோட உடம்புச் சூடு...” என்று ஆரம்பித்துவிட்டார்.

ஆனாலும் டிக்கெட் காலண்டரில்தான் தொங்கியது. இன்னும் மூன்று நாள்.

“இங்கதான் இவ்ளோ வேலை இருக்கே?” என்று கேட்டுப் பார்த்தாள்.

“இது சும்மா பொழுதுபோக்கு. அங்க குளிர் வந்தாச்சு. எந்த நிமிஷமும் கூப்பிடுவாங்க, பாரேன்.”

மறுநாள் காலை கூப்பிட்டார்கள். அப்போது எல்லோருமாக மொட்டை மாடியில் தையல்காரரின் தொட்டிக்கு உடை போட்டுக்கொண்டிருந்தார்கள், டீச்சர் மேற்பார்வை. கைபேசித் திரையில் பழைய உதவியாளரின் எண். “பார்த்தியா?” என்று மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினார் பாய்லர். அவளுக்குக் கையிலிருந்த கயிறு நழுவியது.

“சார், ஒரு அவசரம் சார்.”

“பதறாதேப்பா. எந்த வார்டு? மூணாவதா?”

“அய்யோ, மூணாவது வார்டு இப்ப தகதகன்னு இருக்கு சார். சுவருக்குப் பின்னாடி ஒரு வால்வு மூடியே கிடந்தது. புதுசா வந்த சார் முதல் வாரமே பார்த்துத் திறந்துட்டாரு. இது வேற விஷயம் சார். டீ அலமாரிச் சாவி எங்க வச்சீங்க? நீங்க போனதுல இருந்து ரோட்டைத் தாண்டிப் போய்தான் டீ குடிக்கிறோம். பனியில வழுக்குது சார்.”

டீச்சர் தூரத்துக் கட்டடங்களை எண்ண ஆரம்பித்தார். தையல்காரர் வாயில் இரண்டு ஊசி இருந்ததால் பேசவில்லை. இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டார்.

பாய்லரின் கை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் போனது. சாவிக்கொத்து. பழைய வீட்டுச் சாவி, புது வீட்டுச் சாவி, நடுவில் சின்னதாய் ஒரு பித்தளைச் சாவி. அவர் முகம் தண்ணீர் வற்றிய தொட்டி மாதிரி ஆகிவிட்டது.

அவள் கைபேசியை வாங்கினாள். குரல் அதே ஜன்னல் குரல்.

“சார் இங்க வேலையா இருக்காருப்பா. நாலு வீட்டுத் தண்ணி அவர் பொறுப்புல இருக்கு. பூட்டை உடைச்சிடுங்க.”

“சார் அனுமதி இல்லாம எப்படிம்மா...”

எல்லோரும் பாய்லரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். தோளை நிமிர்த்தினார்.

“உடைக்க அனுமதிக்கிறேன்” என்றார்.

முப்பத்தாறு வருட உத்தியோகத்தின் கடைசி உத்தரவு அதுதான். ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தாலும், உண்மையில் அவர் ஓய்வு பெற்றது அந்த நிமிடம்தான்.

மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு அவர் தொட்டி நிழலில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல வருடமாக முழங்காலை மடக்க முடியாதிருந்தவள் தரையில் உட்கார்ந்திருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

“தரையில உட்கார்ந்திருக்கே?”

“மூணு வாரமா உட்கார்றேன்.”

“சொல்லவே இல்லையே?”

“நீங்க போனையே பார்த்துட்டிருந்தீங்க.”

பாய்லர் கொஞ்ச நேரம் அவள் முழங்காலைப் பார்த்தார். பிறகு, கெத்தை விட முடியாமல், “டிக்கெட் எடுத்தாச்சேன்னு பார்க்கிறேன். ஒரு தடவை போய் அந்த வால்வை...” என்று இழுத்தார்.

“போலாமே. போறதுக்கு முன்னாடி இவங்களையெல்லாம் கூப்பிட்டு, தண்ணி உறையும்னுதான் கோட்டு போட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவோம். நல்ல மனுஷங்க. பொய் சொல்லி ஏமாத்தக் கூடாது, பாருங்க.”

பாய்லர் எழுந்தார். கீழே போனார். காலண்டரிலிருந்து குண்டூசியைப் பிடுங்கி டிக்கெட்டுகளை அவள் கையில் கொடுத்தார்.

ரயில் நிலையத்துக்கு அவள் நடந்தே போனாள். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பது அவளுக்குப் புதிது. உள்ளே இருந்த பெண் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்து, “ரெண்டு டிக்கெட்டும் ரத்தா? காரணம்?” என்றாள்.

“அவருக்கு இங்க வேலை கிடைச்சிருக்கு.”

“எந்த ஆபீஸ்மா?”

“மொட்டை மாடி” என்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்ப்பதற்குள் படியிறங்கிவிட்டாள், கைப்பிடியைத் தொடாமல்.