பதினெட்டு நிமிட பேட்டரி

அது தொண்ணூற்றாறா, தொண்ணூற்றேழா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை பெய்ததாக நினைவு. அதுவும் தவறாக இருக்கலாம். மலேசியாவின் கிள்ளானில் அந்தக் கிடங்கு வாசலில் லோரிகள் வரிசையாக நின்றதும், கழுத்தில் மாட்டிய பலகையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கன்னையா பெட்டிகளை எண்ணியதும் மட்டும் நிச்சயம்.

பதினெட்டாவது நிமிடத்தில் திரை அணைந்தது. எண்ணியதெல்லாம் போயிற்று.

"மறுபடியும் மொதல்லேருந்தா?" லோரிக்காரர் தம்புசாமி தலையை வெளியே நீட்டினார். "ஒன் கம்பியூட்டருக்கு என்னைவிட வயசாயிடுச்சு லா."

கன்னையா சிரிக்கவில்லை. எண்ணிக்கை அழிந்ததற்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள். மூன்றாவது வந்தால் வேலை இல்லை. புது பேட்டரி கேட்டபோது சூப்பர்வைசர் யோகநாதன், "மெஷின் ஓகே. ஒனக்குத்தான் ஹேண்டில் பண்ணத் தெரியல" என்றிருந்தார்.

அன்று இடைவேளையில் கன்னையா பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். ஒவ்வொரு இடைவேளையிலும் பத்து நிமிடம் சார்ஜ் போடச் சொன்னது யோகநாதன். முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்து, வாக்கி-டாக்கி வைத்திருந்த நாட்களில் அப்படிச் செய்தால் ஃபோர்மன் திட்டுவார். தீரும் முன்பே ஏற்றிக்கொண்டிருந்தால் பேட்டரி அந்தக் கொஞ்சத்துக்கே பழகிவிடும்.

"அண்ணே, ஒங்க லோரியோட பழைய சிக்னல் பல்பு இருக்கா?" தம்புசாமியிடம் கேட்டார்.

"எதுக்கு, சாமிக்கு வெளக்கேத்தவா?"

"லேப்டாப் அணைஞ்சாலும் பேட்டரிக்குள்ள மிச்சம் இருக்கும். அதையும் எறக்கணும். அப்பத்தான் ஏத்தினா நிக்கும்."

பேட்டரியைக் கழற்றி இரண்டு கம்பியில் பல்பை இணைத்தார். இழை சிவந்து மங்கியதும் கம்பியை எடுத்துவிட்டு, பச்சை விளக்கு வரும்வரை சார்ஜ். நான்கு நாள், நான்கு முறை. அந்த நாட்களில் அட்டைத் துண்டில் எழுதி எண்ணினார். ஐந்தாம் நாள் லேப்டாப் ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றது.

"சார், கோளாறு பேட்டரியிலதான் இருந்துச்சு. அந்த ரெண்டு லெட்டரையும் எடுத்துருங்க."

யோகநாதன் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் லேப்டாப்பிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் தள்ளிவிட்டு, கன்னையாவினுடையதைச் செருகிக்கொண்டார்.

"திங்கக்கெழம எனக்கு ஷா ஆலாம்ல மீட்டிங். நீ இத வச்சுக்கோ. லெட்டரெல்லாம் ஃபைல்ல போயாச்சு."

"இது எத்தன நிமிஷம் நிக்கும் சார்?"

"நீதான் பேட்டரி டாக்டராச்சே, பாத்துக்கோ."

கன்னையா நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. சட்டைப்பையிலிருந்து பல்பை எடுத்து அந்தப் பேட்டரியோடு இணைத்து, ஃபைல்களின்மேல் வைத்தார்.

"ஏய், வெளிய லோரி நிக்குது!"

"நிக்கட்டும் சார். இது அணையிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். நேரத்த நீங்களே எழுதுங்க."

வெளியே தம்புசாமி ஹாரனை அழுத்தினார். பின்னால் நின்றவர்களும் அழுத்தினார்கள். பல்பு பதினோரு நிமிடம் எரிந்தது. யோகநாதன் எழுதவில்லை.

அந்த மாதமே கன்னையாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், கம்பெனிப் பொருளைச் சேதப்படுத்தியதாக. அந்த நீக்கக் கடிதத்தில் கன்னையா கையெழுத்துப் போடவில்லை. பிறகு காஜாங்கில் வாக்கி-டாக்கி பழுதுபார்த்தார். தம்புசாமி கண் மங்கும்வரை லோரி ஓட்டினார். யோகநாதன் மேனேஜரானார். கிடங்குச் சுவரில், பேட்டரியைப் பல்பு வைத்து இறக்கி ஏற்றும் முறை என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. கீழே யோகநாதனின் கையெழுத்து இருந்தது.