நைட்டியில் போட்ட குறி

அக்காவோடு பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் மட்டும் வரலாம் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். அதனால் நான் என்று முடிவாயிற்று.

வலி வரும்போது இடுப்பை எப்படி அழுத்திவிடுவது என்று வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தவர் அக்காவின் கணவர். மாமா தையல்காரர், குறி போடாமல் எதையும் தொட மாட்டார். அக்காவின் நைட்டியில், இடுப்புக்குக் கீழே, சாக்பீஸால் இரண்டு பெருக்கல் குறி போட்டார்.

"உள்ளங்கை அடியால இங்க அழுத்தணும். ஒரு இன்ச் தள்ளினாலும் வேலைக்காகாது."

"நான் என்ன ஜாக்கெட்டா, இன்ச் கணக்கு சொல்றீங்க?" என்றாள் அக்கா.

பத்து நாள் அந்தக் குறியைப் பார்த்தே பழகினேன். துவைத்தால் மறுபடி போட்டுத் தருவார்.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் நர்ஸ் நைட்டியைக் கழற்றச் சொல்லி ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டாள். நைட்டி பையோடு வெளியே மாமாவிடம் போனது. இப்படி ஆகும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வலி வந்தது. அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். என் முன்னால் வெறும் பச்சைத் துணி. உத்தேசமாக அழுத்தினேன்.

"அங்க இல்லடி."

கையை நகர்த்தினேன்.

"ஐயோ, எடு கையை. உயிர் போகுது."

அடுத்த வலிக்கு அவள் கத்திய கத்தலில் நர்ஸ் வந்துவிட்டாள். "உடம்பை இப்படி முறுக்கிக்கிட்டா எப்படிம்மா?" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உன்னால ஒத்தாசை இல்லன்னா நீ வெளிய போய் உட்காரு. இன்னொரு தடவைதான் பார்ப்பேன்."

அக்காவின் முகம் வெளுத்தது. மூடிய அறையில் தனியாக இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். வீட்டில் குளிக்கும்போதுகூடத் தாழ் போட மாட்டாள்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதடி."

பஸ்ஸில் இறங்க வேண்டும் என்று சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தம் வரை போகிறவள் நான். உள்ளங்கையை அக்காவின் அங்கியிலேயே துடைத்துக்கொண்டேன்.

"அக்கா, என் கையைப் பிடிச்சு நீயே வை."

"எனக்கு என்ன முதுகுலயா கண்ணு இருக்கு?" என்றாலும் கையைப் பின்னால் கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மாமா குறி போட்ட இடத்துக்கு நாலு விரல் கீழே, வால் எலும்புக்குச் சற்று மேலே. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள்.

இரண்டு வலி கழித்து அந்த இடமும் ஒத்துவரவில்லை. "இங்கயா?" "இன்னும் கீழ." "இப்போ?" "ம்."

அடுத்த வலி பாதியில் இருக்கும்போது கதவு திறந்தது. "செக் பண்ணணும். நீ வெளிய போம்மா," என்றாள் நர்ஸ்.

அக்காவின் முதுகு என் கைக்கடியில் இறுகியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"வலி இருக்கு சிஸ்டர். கையை எடுக்க முடியாது."

என் குரல்தான். நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். வலி இறங்கும்வரை கதவருகிலேயே நின்றாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டே என்னிடம், "காலை அகட்டி நில்லு, இல்லன்னா உன் முதுகு போயிடும்," என்று சொல்லி, திரையை எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்து மூடினாள்.