கிரீம் அக்காவின் நாக்கு

இளைத்துவிட்டேனாம். பார்க்கிறவர்கள் எல்லாரும் வாழ்த்துகிறார்கள். வாழ்த்துகிற ஒவ்வொரு வாயிலும் ஒரு கரண்டி கிரீமைத் திணிக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

பத்தொன்பது வருடமாக ஒரு கேக் கடையின் சமையற்கட்டில் கிரீம் அடிக்கிறேன். கடையில் எனக்குப் பெயரே கிரீம் அக்காதான். ஒவ்வொரு கலவையையும் மரக்கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைப்பேன். வெண்ணெய் கெட்டுக் காறியிருக்கிறதா, சர்க்கரை கரைந்ததா, உப்பு போதுமா, எல்லாம் அந்த ஒரு தொடலில் தெரிந்துவிடும். நான் தலையாட்டாமல் ஒரு கேக்கும் வெளியே போகாது. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது தொடுவேன். அது தின்பது இல்லை, வேலை.

வங்கியில் வேலை பார்க்கும் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வந்தது வினை.

"அம்மா, போட்டோல எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க. கொஞ்சம் எளைச்சுக்கோயேன்."

ஹிப்னாட்டிசம் செய்து எடை குறைக்கிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நான் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன், படிவத்தை அவள்தான் நிரப்பினாள். "சாப்பாட்டு நேரம் தவிர எதும்மா அடிக்கடி வாய்ல போகுது?" என்று கேட்டாள். "வேறென்ன, கிரீம்தான். நாப்பது தடவ," என்று சிரித்தேன். அதை அப்படியே எழுதினாள்.

திரை போட்ட அறை, சாய்வு நாற்காலி. வாரம் ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் படிப்படியாக இறங்கச் சொன்னார். "கிரீம் நாக்குல பட்டா ஈர மண்ணு. வெறும் ஈர மண்ணு." அதைப் பதிவு செய்தும் கொடுத்தார், தினமும் காதில் போட்டுக் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், பலன் இருந்தது. வேலை முடிந்ததும் ஓரம் வெட்டிய கேக் துண்டுகளை மொக்குகிற பழக்கம் போயே போச்சு. எட்டு வாரத்தில் ஒன்பது கிலோ.

கூடவே என் நாக்கும் போயிற்று. கரண்டியைத் தொட்டால் மண். வெண்ணெய் மண், சர்க்கரை மண். யாரிடம் சொல்வது? பயத்தில் இரண்டு வாரம் சும்மா தலையாட்டினேன். போன சனிக்கிழமை மூன்றடுக்குக் கேக் ஒன்று திரும்பி வந்தது. காறிப்போன வெண்ணெய்! அடுப்படியில் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி கத்தக்கூட இல்லை.

"நாளைலேர்ந்து கேக்குக்குப் பெட்டி கட்டுற பக்கம் போயிடுங்கக்கா. ஆனா ஒண்ணு, ஆளே ஜம்முன்னு ஆயிட்டீங்க."

ஒரு டப்பாவில் கிரீமை அள்ளிக்கொண்டு, மகளுக்குப் போன் செய்து வரச்சொல்லி, நேரே அந்த மனிதர் அறைக்குள் நுழைந்தேன்.

"என் பொழப்பையே மண்ணாக்கிட்டீங்களே! திருப்பிக் குடுங்க என் நாக்க!"

அவர் பதறாமல் படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். இந்தத் தடவை என்னிடம் கண்ணாடி இருந்தது. தொழில்: இல்லத்தரசி.

"கேக் கடைன்னு தெரிஞ்சிருந்தா கிரீம்ல கையே வெச்சிருக்க மாட்டேம்மா."

"எட்டு வாரம் என்னைத் தூங்க வெச்சீங்களே, முழிச்சிருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அதற்குள் வாசலில் வந்து நின்ற மகளிடம் திரும்பினேன்.

"ஏண்டி?"

"மாப்பிள்ளை வீட்ல அப்படித்தாம்மா சொல்லி வெச்சிருக்கேன். அதே பழக்கத்துல..."

"பழக்கமா? நீ தின்ன சோறும் படிச்ச படிப்பும் இந்தக் கரண்டி நுனில வந்ததுடி! அதச் சொல்ல உனக்கு அவ்வளவு கேவலமா இருக்கா?"

அவள் அழுதாள். நான் இரங்கவில்லை. "போன எடு. இப்பவே சொல்லு. எனக்கும் கேக்கணும்."

மாப்பிள்ளையின் அம்மாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். "அத்தை, எங்கம்மா வீட்ல சும்மா இல்ல. கேக் கடைல வேலை பாக்குறாங்க. கிரீம் அடிக்கிறாங்க. பத்தொம்பது வருஷமா. நான் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சம்பந்தியம்மா சிரித்தார்.

"அட, இதுக்குப் போயா மறைச்ச? நல்ல பொண்ணுமா நீ! அப்ப கல்யாணக் கேக்கு அம்மா கையாலதான், சொல்லிடு."

இவ்வளவுதான். இவ்வளவு லேசாக முடிகிற விஷயம்!

மகள் என் கையைப் பிடிக்க வந்தாள், உதறினேன். மேசையிலிருந்த பேனாவால் படிவத்தில் இல்லத்தரசியை அடித்துவிட்டு, என் கையெழுத்திலேயே என் தொழிலை எழுதினேன். "இத ஒழுங்கா படிச்சுட்டு மறுபடி ஆரம்பிங்க," என்றேன்.

"முயற்சி பண்றேம்மா. வருமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது," என்றார் அவர்.

டப்பாவைத் திறந்து விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

மண்.