ஆறு கிலோமீட்டர், நாலு பல்

மூன்றாவது முறையாகப் பெட்டிக்குள் ஒரு பல் தனியாகக் கிடந்தது.

நிஜப் பல் இல்லை. பல் டாக்டர் நோயாளியின் வாயில் ஒரு தட்டை வைத்து, ரப்பர் மாதிரியான கலவையில் அளவெடுப்பார். அந்த அளவுக்குள் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, நன்றாக இறுகியதும் பிரித்தால் அந்த ஆளின் பல்வரிசை அச்சாக வந்துவிடும். அதற்குப் பெயர் மாடல். அதை வைத்துத்தான் லேபில் புதுப் பல் கட்டுவார்கள். ஆறு கிளினிக்குகளிலிருந்து மாடல்களை வாங்கி, சைக்கிளில் லேபுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறாள். எல்லோருக்கும் அவள் சைக்கிள் அக்கா.

லேப் முதலாளி அந்த ஒற்றைப் பல்லை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். மெழுகில் பல் செதுக்கும் வேலையில் இருந்த நான்கு பேரும் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்தார்.

"ஏம்மா, நீ சைக்கிள் ஓட்டுறியா, இல்ல மாவு சலிக்கிறியா?"

நான்கு பேரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. இன்னும் ஒன்று உடைந்தால் திங்கட்கிழமையிலிருந்து அவளுடைய ஆறு கிளினிக்கும் ராக்கெட்டுக்குப் போய்விடும் என்றார்.

ராக்கெட் என்பவன் மூன்று மாதத்துக்கு முன்பு மோட்டார் பைக்கோடு சேர்ந்தவன். மற்ற நான்கு கிளினிக்குகள் அவனுடையவை. முதலாளி திட்டும்போது அவன் வாசலில் ஹெல்மெட் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றான். அவள் வெளியே வந்ததும், மனசை விட்டுடாதீங்கக்கா என்றான். அந்த ஆறுதல் அவளுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை நாளாக 'வண்டிய ஓரமா வைங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவனுக்குத் திடீரென்று என்ன பாசம்?

இந்த வேலை போனால் அவளுக்கு இருப்பது ஒரே வழி. நாத்தனாரின் வளையல் கடையில் நாள் முழுக்க உட்கார வேண்டும். ரோட்டில் லாரிக்காரன் திட்டினால் அது அடுத்த சிக்னலோடு போய்விடும். நாத்தனார் திட்டினால் வீடு வரைக்கும் கூடவே வரும்.

உடைந்த மூன்றும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளினிக்கில் வாங்கியவை. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அதுதான் தூரம், ஆறு கிலோமீட்டர். ரோடும் அதுதான் மோசம். குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை அள்ளிப் போட்டு மூடி, மூடியது அமுங்கி, அமுங்கிய இடத்தில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்கு அடியில் இரண்டு அங்குலமா இரண்டு அடியா என்பது இறங்கினால்தான் தெரியும். அதை ஒதுக்கிப் போனால் நிறுத்தி வைத்த கார்கள். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று கண்ணாடிக்குள் தெரியும் தலைகளை எண்ணிக்கொண்டே போக வேண்டும். கார்களையும் ஒதுக்கினால் பின்னால் பஸ். சைக்கிளுக்கென்று மஞ்சள் கோடு போட்ட பாதையில் யாரோ சோபா விற்கிறார்கள்.

ஆனால் இந்த ரோட்டில்தான் அவள் ஒன்பது வருடமாக வருகிறாள். ஒன்பது வருடமாக உடையாதது ஐந்து வாரத்தில் மூன்று உடைகிறது என்றால் அது ரோடு இல்லை, ஆள். எந்த ஆள் என்பதுதான் தெரியவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் டவுன் பஸ் டிரைவர். சைக்கிள்காரர்களைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு, அதை அவர் கல்யாணத்தன்றே சொல்லிவிட்டார். கண்ணாடியில் ஒரு செகண்டு இருப்பார்கள், அடுத்த செகண்டு இருக்க மாட்டார்கள், அதற்குள் தனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும் என்பார். பள்ளத்தில் இறக்கித்தான் உடைத்திருப்பாய் என்று இப்போதும் தீர்ப்புச் சொன்னார். பேசாமல் தங்கச்சி கடைக்குப் போயேன் என்றார்.

அதைச் சொன்ன வேகம் அவளை யோசிக்க வைத்தது. விடிந்ததும் முதல் காரியமாக, பெட்டிப் பையை வைக்கும் கேரியரின் திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அவர், என்ன தேடுகிறாய் என்றார். ஒன்றுமில்லை என்றாள். கட்டின புருஷனையே சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிரேக்கையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை லேப் வாசலில் அவள் பையை ராக்கெட் தூக்குவதைப் பார்த்துவிட்டாள். வழியில் இருந்தது, நகர்த்தினேன் என்றான். அதன் பிறகு பை அவள் தோளை விட்டு இறங்கவில்லை. கழிவறைக்கும் கூடவே போனது.

வெள்ளிக்கிழமை பாலத்துக் கிளினிக்கில் ஒரே ஒரு பெட்டி. அங்கே மாவு கரைத்து ஊற்றுவது, பிரிப்பது, பெட்டியில் வைத்து டேப் ஒட்டுவது எல்லாம் நர்ஸம்மாவின் வேலை. முப்பது வயது இருக்கும், கலகலப்பானவள். எந்தக் கிளினிக்கிலும் வாசலிலேயே நிற்க வைத்துப் பெட்டியை நீட்டுவார்கள். இவள் மட்டும் உள்ளே கூப்பிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார வைப்பாள்.

"பாத்துப் போங்கக்கா. ரோடு ரொம்ப மோசம். மெதுவாவே போங்க."

சைக்கிள் அக்கா மெதுவாகக்கூடப் போகவில்லை. ஏறவே இல்லை. பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். ஆறு கிலோமீட்டர்.

சைக்கிளை ஓட்டினால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தாள். தள்ளினாலும் ஆபத்துதான். நடைபாதையில் எதிரே வந்த மோட்டார் பைக்காரன் ஹாரன் அடித்து, அறிவு இருக்கா என்று கேட்டான். இறங்கி ரோட்டோரம் நடந்தால் ஆட்டோக்காரன் உரசிக்கொண்டு போனான். பஞ்சர் கடைக்காரர் இரண்டு பேர் கைதட்டிக் கூப்பிட்டார்கள். பஞ்சர் இல்லை என்றதற்கு, ஒருத்தர் நம்பாமல் பின்னாலேயே வந்து டயரை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

பாலத்து இறக்கத்தில் சிக்னல் விழுந்தது. பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸின் ஜன்னலில் வீட்டுக்காரர் முகம்.

"என்னாச்சு? செயின் அறுந்துருச்சா?"

வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றாள். சிக்னல் மாறியும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் இருந்த அத்தனை வண்டியும் சேர்ந்து அலறியது.

ஒன்றரை மணி நேரம் கழித்து லேபில் பெட்டியை வைத்தாள். முதலாளி டேப்பைக் கிழித்துத் திறந்தார். மேல்வரிசையில் முன்பக்கம் ஒரு ஓட்டை. பல் பஞ்சின் மேல் கிடந்தது.

தள்ளிக்கொண்டுதான் சார் வந்தேன், ஏறவே இல்லை என்றாள். யார் பார்த்தது என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர் என்றாள். மெழுகு மேஜையில் மறுபடி சிரிப்பு. முதலாளி மாடலைக் குப்பைத் தொட்டியில் போட்டார். நாளைக்கு சனிக்கிழமை, நாளையோடு சரி, திங்கட்கிழமை ராக்கெட்டிடம் லிஸ்டைக் கொடுத்துவிடு என்றார்.

எல்லோரும் டீ குடிக்கப் போனதும் அவள் குப்பைத் தொட்டிக்குள் கைவிட்டாள். உடைந்த பல்லையும் மாடலையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உடைந்த இடம் பளபளவென்று இருந்தது. நகப்பூச்சு பூசின மாதிரி.

தொட்டியில் வேலை முடிந்து போட்ட பழைய மாடல்கள் நிறையக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து மேஜை விளிம்பில் தட்டி ஒரு பல்லை உடைத்தாள். அந்த இடம் சாக்பீஸை உடைத்த மாதிரி சொரசொரவென்று இருந்தது, பளபளப்பே இல்லை. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே.

வீட்டில் கண்ணாடிச் சட்டம், செருப்பு வார், குக்கர் பிடி என்று எல்லாவற்றையும் அரை நிமிடப் பசையால் ஒட்டுகிறவள் அவள். காய்ந்த பசை எப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பல் ரோட்டில் உடையவில்லை. ஏற்கெனவே உடைந்து, ஒட்டப்பட்டு, அவள் கைக்கு வந்திருக்கிறது. மாவின் ஈரத்தில் பசை சரியாகப் பிடிக்காமல் வழியில் விட்டிருக்கிறது.

பை அவள் தோளை விட்டு இறங்கவில்லை. ராக்கெட் தொடவில்லை. டேப் ஒட்டியது ஒரே ஒருத்தி.

பாத்துப் போங்கக்கா, ரோடு ரொம்ப மோசம். யோசித்துப் பார்த்தால், எல்லா நாளும் நர்ஸம்மா அப்படிச் சொன்னதில்லை. இந்த நாலு தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை கிளினிக்கில் இரண்டு நோயாளிகள் பெஞ்சில் இருந்தார்கள். நர்ஸம்மா சிரித்த முகத்தோடு பெட்டியை நீட்டினாள். சைக்கிள் அக்கா உட்காரவில்லை. பெட்டியை மேஜையில் வைத்து டேப்பை உரித்தாள்.

பெட்டியை வழியில் யாரும் திறக்கக் கூடாது என்பது லேபுக்கும் கிளினிக்குக்கும் பொதுவான சட்டம். நர்ஸம்மா அதை மெல்லிய குரலில் ஞாபகப்படுத்தினாள். நான் இன்னும் வழிக்கே போகவில்லையே என்றாள் அக்கா. ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பல்லாக அழுத்தினாள். முதல் பல் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எதுவும் அசையவில்லை. நர்ஸம்மாவின் முகம் வாடியது. இவ்வளவு நாள் பழகியவளை இப்படிச் சோதிக்கிறோமே என்று அக்காவுக்கே கூசியது. கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். எடுக்காமல் அடுத்ததை அழுத்தினாள்.

கடைவாய்ப் பக்கம் ஒரு பல் டக்கென்று சாய்ந்து கையோடு வந்தது.

"நீங்கதான் அழுத்தி உடைச்சீங்க," என்றாள் நர்ஸம்மா. சத்தமாக, பெஞ்சுக்குக் கேட்கும்படி. அவ்வளவு நேரம் இருந்த குரலே இல்லை அது.

டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தார். அக்கா ஒன்றும் விளக்கவில்லை. பல்லை அவர் உள்ளங்கையில் வைத்து, உடைந்த இடத்தை மட்டும் பாருங்க மேடம் என்றாள். டாக்டர் விளக்குக்கு அடியில் கொண்டுபோய், கொக்கி முனையால் சுரண்டினார். மெல்லிய தோல் மாதிரி பசை உரிந்து வந்தது.

டாக்டர் நர்ஸம்மாவைப் பார்த்தார். "எத்தனை நிமிஷத்துல பிரிச்ச?"

இருபது என்றாள் நர்ஸம்மா. முக்கால் மணி நேரம் விட வேண்டியதை இருபது நிமிடத்தில் பிரித்திருக்கிறாள். மாவு பச்சையாக இருக்கும்போது இழுத்தால் பல் அளவுக்குள்ளேயே தங்கிவிடும். அதை டாக்டரிடம் சொன்னால் நோயாளியைத் திரும்ப வரவழைத்து மறுபடி அளவெடுக்க வேண்டும், திட்டு விழும். ஒட்டி அனுப்பினால் ரோடு மேல் பழி போகும். ரோடு திருப்பிப் பேசாது.

"ஏன் இருபது நிமிஷம்?"

"அந்த சைஸ்ல அளவுத் தட்டு ரெண்டுதான மேடம் இருக்கு. ஒண்ணு வளைஞ்சு போய் அஞ்சு வாரமாச்சு. சொன்னேன், பாக்கலாம்னீங்க. அடுத்தவங்க நாற்காலியில வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்காங்க, தட்டுக்கு நான் எங்க போவேன்?"

பெஞ்சில் இருந்த இருவரும் கைப்பேசியைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தார்கள்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில், மாடல் கிளினிக்கிலேயே உடைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா வாங்கிப் படித்துவிட்டு, நேற்று வந்ததையும் சேர்த்து எழுதச் சொன்னாள். அதை நான் பார்க்கவில்லையே என்றார் டாக்டர். அக்கா பையிலிருந்து நேற்றைய மாடலை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டர் அதையும் சுரண்டிப் பார்த்து, எழுதினார். அதற்கு முன் உடைந்த மூன்று மாடல்களும் குப்பையோடு போய்விட்டன, அவற்றுக்கு யாரும் எழுதித் தரப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

லேபில் முதலாளி தாளை இரண்டு தடவை படித்தார். கையெழுத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம் டாக்டருக்கே போன் போட்டு, நீங்கதான் எழுதினீங்களா மேடம் என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். மெழுகு மேஜையில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை எப்பவும் போல வா என்றார். இனிமேல் எந்தக் கிளினிக்காக இருந்தாலும் பெட்டியைத் திறந்து, பல்லை அழுத்திப் பார்த்து, அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார்.

வாசலில் ராக்கெட் காத்திருந்தான். என் மேல சந்தேகப்படலதானேக்கா என்று கேட்டான்.

"பட்டேன் தம்பி. இன்னும் முழுசாப் போகல."

அவன் சிரித்தான். அவள் சொன்னது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான் போல.

திங்கட்கிழமை பாலத்துக் கிளினிக்கில் மேஜை மேல் புது அளவுத் தட்டுகள் நான்கு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நர்ஸம்மா உள்ளே கூப்பிடவில்லை. டேப் ஒட்டாத பெட்டியை வாசலுக்கே கொண்டுவந்து, திறந்து நீட்டினாள். பக்கத்தில் கையெழுத்து நோட்டு, அதன் மேல் பேனா. அக்கா சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக அழுத்த ஆரம்பித்தாள். பின்னால் ஒரு கார்க்காரன், சைக்கிளை நகர்த்தச் சொல்லி விடாமல் ஹாரன் அடித்தான். நர்ஸம்மா தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முக்கால் மணி நேரம் விட்டுத்தான் பிரிச்சேன். போதுமாக்கா? நம்பிக்கை வந்துச்சா?"

"இன்னும் ரெண்டு பல் இருக்கும்மா," என்றாள் அக்கா.