புரட்டாசியில் திறந்த பிரியாணிக் கடை

"அப்பா, இங்க பசிச்சா எங்க போவாக, போரடிச்சா எங்க போவாக?"

எபனேசரின் மகள் எலினா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், மில்கள் எல்லாம் முடிந்தபிறகு வரும் கோதை நகருக்கு அவர்கள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பதில் சொல்வதற்காக எபனேசர் தெருவைப் பார்த்தான். காலி மனைகள், எல்லைக்கல்கள், கருவேலம், ஒரு ஆடு. அந்த ஆட்டுக்குச் சாப்பாடும் பொழுதுபோக்கும் அங்கேயே இருந்தன.

மனிதர்களுக்கு மாடத்தியின் தகரக் கொட்டகை இருந்தது. காலையில் இட்லி, சாயங்காலம் பணியாரம். உட்கார இடம் கிடையாது. நின்று தின்றுவிட்டு நடையைக் கட்ட வேண்டும். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் கோதை நகர்க்காரர்கள் லாரி எடைமேடைக்குப் போனார்கள். குடும்பத்தோடு மேடையில் ஏறி நின்று எடை பார்த்துவிட்டு வருவார்கள். அந்த மெஷின் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால் உடம்பு கூடிவிட்டதே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை.

பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த எபனேசருக்கு மகள் கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. சில வருஷம் கழித்து வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கு முன்னால் இருந்த மனையில் கொட்டகை போட்டான். மின்விசிறி, நாற்காலிகள், குடிதண்ணீர், பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சுத்தமான கழிப்பறை. 'எலினா பிரியாணி. சாப்பிடலாம், உட்காரலாம்' என்று பலகையும் ஏறியது. கடை திறக்கிற மாதத்தின் கடைசிவரை உன் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன், அதற்குமேல் முடியாது என்று கம்பெனி முதலாளி சொல்லியிருந்தார். கடை ஓடாவிட்டால் பழையபடி நைட் ஷிப்டுக்கே போக வேண்டும் என்று மனைவி இன்பமும் சொல்லிவிட்டாள். நான் ஜெபம் பண்ணுவேன், நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்ததில்தான் வினை. எபனேசர் வீட்டில் மாட்டியிருந்தது சபைக் காலண்டர். நாளுக்கு ஒரு வேதவசனம் இருக்கும், தமிழ் மாதம் இருக்காது. போதகருக்கு எந்தச் சனிக்கிழமை ஒழிவு என்று கேட்டு, செப்டம்பரில் ஒன்றைக் குறித்தான். புரட்டாசியில் ஊரே கவிச்சி தொடாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். புரட்டாசி வந்துவிட்டது என்பதுதான் தெரியாது.

அழைப்பிதழ் கொடுத்த அத்தனை வீட்டிலும் சிரித்த முகத்தோடு "வந்துருவோம்ணே" என்றார்கள். நல்ல காரியத்துக்குக் கூப்பிட வந்தவனிடம் அபசகுனமாக ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாடத்தி ஒருத்தி சொல்லியிருப்பாள். ஆனால் அவளுக்கு அழைப்பில்லை. தன் பிழைப்பைக் கெடுக்கத்தான் எதிரே கொட்டகை எழும்புகிறது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு மாதமாயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை போதகர் ஜெபித்து ரிப்பனை வெட்டினார். உள்ளே இரண்டு பெரிய தேக்சாவில் கோழி பிரியாணி. சாலையைப் பார்த்த எபனேசருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் நாற்காலிகளில் நிறைந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள், காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். நெற்றி நிறைய நாமம் போட்டிருந்த பெரியவர் ஒருவர் என்ன சாப்பாடு இருக்கிறது என்று விசாரித்தார். எபனேசர் பெருமையோடு மூடியைத் திறந்து காட்டினான்.

பெரியவர் "கோவிந்தா" என்று சொல்லி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் எபனேசருக்கு உறைத்தது. இது புரட்டாசிச் சனிக்கிழமை. இவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலை என்ற குன்றின் பெருமாளுக்கு விரதமிருந்து நடந்து போகிறவர்கள். அவர்கள் போகிற வழியில் அவன் கோழியை வேகவைத்து வாசம் பரப்பிக்கொண்டிருந்தான். சிலர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். போதகர் பசியோடு திரைக்குப் பின்னால் ஒரு தட்டை வைத்துக்கொண்டு, சாப்பிடலாமா கூடாதா என்று உட்கார்ந்திருந்தார்.

சாலையைத் தாண்டி மாடத்தி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று இன்பம் முன்னால் போய் நின்றாள். மாடத்தி அவளை ஒதுக்கிவிட்டு நேரே எபனேசரிடம் போனாள்.

"ஏலே, ஒனக்குக் கூறு இருக்கா? எந்த மாசத்துல எதைப் பொங்கி வச்சிருக்க?"

"தெரியாமப் போச்சுக்கா."

"சரி, ரெண்டு தேக்சாவையும் வண்டில ஏத்தி வெளிய அனுப்பு. ஒஞ் சட்டி ஒண்ணையும் தொடாத. ஏஞ் சட்டி வருது."

மில் விடுதி ஞாபகம் வந்தது இன்பத்துக்கு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு நம்மூர்ப் புரட்டாசி தெரியாது. வண்டி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், இன்னும் இருக்கிறதா என்று அரைகுறைத் தமிழில் போன் வந்தது.

மாடத்தி தன் அண்டாவையும் அரிசியையும் கொண்டுவந்து, கொட்டகைக்கு வெளியே புதிதாகக் கல்கூட்டி அடுப்பு வைத்தாள். சாம்பிராணி போட்டதில் கொட்டகையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. புளியோதரையும் தயிர்ச்சோறும் இறங்கின. போனவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள், புதிதாகவும் வந்துகொண்டே இருந்தார்கள். போதகர் அங்கியை மடித்து வைத்துவிட்டு ஜக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். பெரியவர் அவரைப் பார்த்துக் கைகூப்பி "கோவிந்தா" என்றபோது, போதகர் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார். இருவருக்கும் திருப்திதான். இந்தச் சோற்றை எந்தச் சாமி அனுப்பியது என்று விசாரிக்க அன்று யாருக்கும் நேரமில்லை.

கூட்டத்தில் ஒரு பெண் மாடத்தியிடம், புளியோதரை நல்லாயிருக்கே, யார் கடை என்று கேட்டாள். மாடத்தி கரண்டியால் எபனேசரைக் காட்டினாள்.

"இந்தா நிக்கான்லா, அவன் கடைதான். நான் எதுத்தாப்புல இருக்கவ."

சாயங்காலம் எபனேசர் நன்றி சொல்லப் போனான். மாடத்தி பணியாரக் கல்லைத் துடைத்துக்கொண்டே, "நடந்து வாரவுக வெறும் வயித்தோட போகக் கூடாதுன்னு செஞ்சேன். ஒனக்காக ஒண்ணுமில்ல. சும்மா இதையே பேசிக்கிட்டுத் திரியாத" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு இலையை நீட்டினாள்.

மாதக் கடைசியில் எபனேசர் கம்பெனிக்குப் போய், தன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தான். புரட்டாசி முழுக்க அவன் அடுப்பில் சைவம்தான். கவிச்சி மணம் மறுபடி கிளம்பியபோது ராத்திரிச் சாப்பாட்டுக்கு விடுதிப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எடைமேடையில் கூட்டம் குறைந்தது. எபனேசர் கடையில் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லை. எல்லாம் நன்றாக நடந்தது. மாடத்திக்குச் சொல்ல முடியாமல் போன நன்றி மட்டும் பாக்கி நின்றது.

மார்கழி பிறந்த மறுவாரம் மாடத்தி தண்ணீர்க் குழாயடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டோடு கடைக்கு வந்தாள், இடது கையால் இட்லி எடுத்தாள். யாரிடமும் ஒத்தாசை கேட்கவில்லை. அவள் ஒன்றே ஒன்றைத்தான் முனகினாள்: மார்கழியும் அதுவுமா வாசல் வெறிச்சென்று கிடக்கிறதே. சட்னிக்குக் கை நீட்டியிருந்த எபனேசரின் காதில் அது விழுந்தது.

மறுநாள் விடிவதற்கு முன் அவன் எழுந்தான். ஆண்டாள் கோயில் பக்கமிருந்து பாட்டு மெல்லக் காற்றில் வந்தது. மாடத்தியின் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தான், இரண்டு டிரம்மையும் நிரப்பினான். பிறகு கோலப்பொடியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பேண்டேஜ் துணியை அங்குலம் பிசகாமல் வெட்ட வைத்தவனுக்குப் புள்ளிகள் ஒரு வரிசையில் நிற்க மறுத்தன. அழித்தான், வைத்தான், மறுபடி அழித்தான். தாமரை போட நினைத்தான், வந்தது பூசணிக்காய்.

தன் வீட்டு வேலியில் பூத்திருந்த பூசணிப்பூ ஒன்றைப் பறித்து வந்து, சாண உருண்டையில் செருகி நடுவில் வைத்தான். இப்போது அது வேண்டுமென்றே போட்ட கோலம்போல இருந்தது. ஈரத்தில் பதிந்திருந்த தன் காலடிகளைத் துடைப்பத்தால் கலைத்துக்கொண்டே பின்வாக்கில் நடந்து சாலையைத் தாண்டி, வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டான்.