கவ்விக்குப் பக்கத்தில்

இன்னும் கால் சுற்று, இதற்கு மேல் முறுக்கினால் ஸ்பானர்தான் உடையும், நட்டு நகராது, பிறகு ஏன் நடுங்குகிறது இந்தச் சனியன்... பிச்சைமுத்து உளியைத் தாங்கும் டூல்போஸ்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான், பாறை மாதிரி நின்றது, ஆனால் லேத்து ஓடி உளி முனை தண்டைத் தொட்டதும் பல் கூசும் அதே கிறீச்சல், தண்டின் கழுத்து முழுக்க அலை அலையாக வரி. தோட்டத்தில் ரப்பர் தகடு அழுத்தும் உருளையின் தண்டு இது, மாற்று கிடையாது, சீவ இன்னும் கால் நூல் கனம்தான் மிச்சம், அதற்குள் வழவழப்பு வராவிட்டால் தண்டு பழைய இரும்பு, அவன் மறுபடியும் தோட்டத்தில் புல் வெட்டுகிறவன். வேலை நிரந்தரமானால் மனைவி மங்களத்தைத் தோட்டத்து லயத்திலிருந்து பட்டறை இருக்கும் சிலிபினுக்கே அழைத்து வந்துவிடலாம், ஆகாவிட்டால்? கங்காணி முகத்தில் எப்படி விழிப்பது? பட்டறை வாசலில் தோட்டத்து வண்டிக்காரன் மூன்றாவது தடவையாகத் தலையை நீட்டினான். "அண்ணே, ஸ்டோர்ல ரப்பர் பாலெல்லாம் உறைஞ்சு நாறுது, எப்ப முடியும்லா?" முடியும், முடியும், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரு...

காரணம் தெரியாமல் இல்லை. உளி நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவு நீட்டினால் எந்த உளியும் நடுங்கத்தான் செய்யும், வந்த முதல் வாரமே கற்றுக்கொண்டது. உள்ளே இழுத்துக் குட்டையாகப் பிடிக்க வேண்டும். பிடித்தால் டூல்போஸ்ட் இடப்பக்கம் போகும், அதோடு கைப்பிடி போகும், கைப்பிடியோடு கையும் போகும், தண்டைப் பற்றிச் சுழற்றும் இரும்புக் கவ்விக்குப் பக்கத்தில், ஒரு சாண்கூட இராது, அந்தக் கவ்வியின் போல்ட் தலை வெளியே துருத்திக்கொண்டு சுற்றுகிறது, ஓடும்போது கண்ணுக்கே தெரியாது. இவனுக்கு முன் இதே லேத்தில் நின்ற ஜெயபாலனின் மூன்று விரல்களைக் கொண்டுபோனது அதுதான். ஆக, பயம்... ஒரு மணி நேரமாக நட்டை முறுக்கியது பயத்தில்தான், வெட்கக்கேடு.

லேத்தை ஓட்டும் பட்டையைத் தள்ளி நிறுத்தினான். உளியை உள்ளே இழுத்து இறுக்கினான், டூல்போஸ்டை நகர்த்தினான், சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான், மாரியாத்தா, இந்த ஒரு தடவை... பட்டை சேர்ந்தது, லேத்து ஓடியது. கவ்வி கிளப்பும் காற்று விரல் முட்டியில் பட்டது, கையை எடுக்காதே, எடுக்காதே, உளி தொட்டது, கிறீச்சல் இல்லை, நிஜமாகவே இல்லை, சுருள் சுருளாக இரும்பு உரிந்து விழுந்தது. ஜெயபாலன் கடைந்த தண்டுகளும் இப்படித்தான் மின்னும். அப்படியென்றால் அவனும் கையை இங்கேதான் வைத்திருந்தான், தினமும், தெரிந்தே, வேலை சரியாக வர வேண்டும் என்று. "கவனமில்லாம கைய நீட்டிட்டான் துரை" என்று மேனேஜரிடம் சொன்னது யார்? அன்று எடுபிடியாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் இவன் ஒருவன்தான், அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் ஜெயபாலனை வேலையை விட்டு அனுப்பினார்கள். பொய் சொல்லவில்லை, அப்போது அப்படித்தான் நினைத்தான்... நினைத்தானா? லேத்து காலியாகும் என்பதும் அப்போதே தெரியும்தானே?

வண்டிக்காரன் தண்டைத் தூக்கிப் போவதற்குள் ஃபோர்மன் கார்த்திகேசு வந்து தண்டின் கழுத்தை நகத்தால் வருடினார், யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் யாரையும் மெச்ச மாட்டார். "நல்லா வந்திருக்கு. நாளையிலயிருந்து இந்த லேத்து உனக்குத்தான். அது சரி, நடுக்கத்தை எப்பிடி நிப்பாட்டினனீ?" இப்போது சொல்லிவிடலாம். கை இங்கே வந்தால்தான் ஐயா வேலை வரும், ஜெயபாலன் கவனமில்லாதவன் இல்லை, நான் துரையிடம் சொன்னது தப்பு... நாலே வார்த்தை, சொன்னால் லேத்து போய்விடுமா, மங்களம் வர முடியாமல் போகுமா, போனால்தான் என்ன? கார்த்திகேசு பதிலுக்குக் காத்து நின்றார்.

"என்னமோ ஐயா, தானா நின்னுடுச்சு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பிச்சைமுத்து கைப்பிடியைத் துடைத்தான், யோசிக்கவே இல்லை, வாயைத் திறந்தான், வந்துவிட்டது, அவ்வளவு சுளுவாக... துரையிடம் சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் வந்ததோ?