தீட்டுக் கழித்த சாணிக்குழி

சாணியைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்ததே இல்லை. முழங்கை வரைக்கும் விட்டுக் கரைத்திருக்கிறேன். அதே கையைக் கழுவிவிட்டுச் சோறு பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன். மனுசர்களைப் பார்த்தால்தான் எனக்குக் குமட்டுகிறது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். மேலத்தெருவுக்கும் எங்கள் தெற்குத்தெருவுக்கும் நடுவில், வாய்க்கால் கரையில், ஊருக்குப் பொதுவாக, சாணியிலிருந்து அடுப்புக்கு வாயு எடுக்கிற கோபர் கேஸ் குழி கட்டினார்கள். மேலத்தெருக்காரர்கள் மாட்டையெல்லாம் விற்றுவிட்டுப் பாக்கெட் பாலுக்கு மாறி வெகுகாலம் ஆயிற்று. மாடு இருப்பது எங்களிடம்தான். ஆக, சாணி எங்களுடையது, கரைக்கிற வேலை என்னுடையது, அடுப்பு மட்டும் அவர்களுடையது. "அடுத்தது உங்க தெருவுக்குத்தான் குழாய். முதல் அடுப்பு உன் வீட்டுலதான் மலரு" என்று பஞ்சாயத்துத் தலைவர் மனோகரன் சொல்லியிருந்தார்.

என் மகள் பிரதீபாவுக்கு வீசிங். விறகுப் புகை பட்டால் போதும், இழுக்க ஆரம்பித்துவிடும். புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிலிண்டர் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்த ஒரு குழாய்க்காகத்தான் வாயை மூடிக்கொண்டு கரைத்தேன்.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். அம்மனுக்குப் படைக்கிற சோற்றை இந்த கேஸிலேயே ஆக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். தலைவர் மனைவி அனுராதாவுக்கு அப்போதுதான் ஞானம் பிறந்தது.

"ஏன்டி மலரு, அது பூராவும் உங்க தெருச் சாணியா?"

"பின்ன? உங்க வீட்டு பிரிட்ஜா சாணி போடுதுங்க?"

அவள் முகத்தைச் சுளித்தாளே ஒரு சுளிப்பு! இத்தனை நாளும் அந்த நெருப்பில் மீன்குழம்பு கொதித்தபோது மணத்ததாம். சாமிக்கு என்றதும் நாறிவிட்டதாம். தூ!

மறுநாள் காலையில் போனால் குழிக்கு மாலை போட்டிருந்தது. தீட்டுக் கழித்திருக்கிறார்கள். மஞ்சள் தண்ணீரும் கோமியமும் ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் கோமியமும் எங்கள் மாட்டினுடையதுதான், அதை யார் போய்ச் சொல்வது? அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மனசு ஆறாமல், பஞ்சாயத்து ஆபீசில் கிடந்த ஃபினாயில் கேன்களையும் பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் கொண்டுவந்து கரைக்கிற தொட்டி வழியாகக் கொட்டியிருக்கிறார்கள். சாணிக்குழியை ஆஸ்பத்திரி மாதிரி மணக்க வைத்த புண்ணியவான்கள் எங்கள் ஊரில்தான் இருப்பார்கள்.

திருவிழா முடிவதற்குள் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. "நீதான் என்னமோ கலந்துட்ட" என்று அனுராதா என்மேல் பாய்ந்தாள். குழி கட்டிக்கொடுத்த ராம்கி வந்தார். தொட்டிப் பக்கம் குனிந்து முகர்ந்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உள்ள இருக்கிற கிருமிதாங்க கேஸ் உண்டாக்குது. மொத்தத்தையும் கொன்னுட்டீங்க. இதைப் பூரா வெளியேத்திட்டு, புதுச் சாணி போட்டுத்தான் ஆரம்பிக்கணும். உறிஞ்சுற வண்டி கூப்பிடுங்க. யாரும் உள்ள எறங்கிடாதீங்க, விஷவாயு. ஆளையே கொன்னுடும்."

அவர் பைக் ரோட்டில் மறைந்ததும் தலைவர் என்னைக் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"வண்டியெல்லாம் எதுக்கு மலரு? பஞ்சநாதனை எறங்கி அள்ளச் சொல்லு. நாளைக்கே உன் வீட்டுக்குக் குழாய் இழுத்துடுறேன். புள்ளைக்கும் நல்லது பாரு."

பஞ்சநாதன் என் வீட்டுக்காரர். மகள் மூச்சுக்கு அப்பன் மூச்சை விலை கேட்கிறார் இந்த மனுசன். பக்கத்தில் அனுராதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கெல்லாம் பழக்கம்தானே?" என்றாள்.

"என்னங்க பழக்கம்? மாடு மேய்க்கப் பழக்கம். சாணி கரைக்கப் பழக்கம். சாகப் பழக்கம் இல்லைங்க. வண்டி வந்து எடுக்கட்டும். எங்க தெருவுக்குக் குழாய் வரட்டும். அதுவரைக்கும் எங்க பக்கத்துலேந்து ஒரு கூடை சாணி வராது."

"அப்ப உன் புள்ளை இருமிக்கிட்டே கெடக்கட்டும்" என்றார் தலைவர். தேன் போன இடம் தெரியவில்லை.

வண்டி வரவில்லை. மேலத்தெருவில் மறுபடி சிலிண்டர்கள் வந்து இறங்கின. நான் விறகடுப்பைக் கொல்லைக்கு மாற்றினேன். காற்று திரும்பினால் புகை வீட்டுக்குள்தான் வரும். நேற்றும் வந்தது. பிரதீபா சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். "அப்பாவை எறங்கச் சொல்லியிருந்தா, இந்நேரம் உனக்கு..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். மூச்சு வரும்வரை காத்திருந்தாள்.

"சீ! அந்த அடுப்புல ஆக்கின சோறு எனக்குத் தொண்டையில எறங்குமாம்மா?"